பையில் இருந்த நிறம் பற்றிச் சாயக்காரர் சொன்னது

என் பெயரும் தகப்பனார் பெயரும் கதவு எண்ணும் முதல் தாளில் எழுதப்பட்டுவிட்டன. அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது, சாயக்காரர் என்று கேட்டால்தான் வழி காட்டுவார்கள் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன். வயது ஐம்பத்தேழு. தொழில் நூலுக்குச் சாயம் போடுவது. பட்டறைக்குப் பின்புறம் உள்ள இரண்டு அறை வீட்டில் நானும் என் மனைவியும் குடியிருந்து வருகிறோம். தற்சமயம் இந்த மருத்துவமனையின் இரண்டாம் மாடியில் ஜன்னலோரக் கட்டிலில் உள்நோயாளியாக இருக்கிறேன். இங்கே வேலை செய்து வந்த நர்ஸ் ஒருவர் என்னைச் சரியாகக் கவனிக்காமல் ரத்தப்போக்கோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார் என்று என் மைத்துனர், அதாவது என் மனைவியின் தம்பி, காவல் நிலையத்தில் கொடுத்த புகார் சம்பந்தமாகப் போலீஸ் அதிகாரி என்னை விசாரித்ததில், நல்ல நினைவோடும் யாருடைய தூண்டுதலும் இல்லாமலும் நான் சொல்வதாவது.

சாயத் தொழிலில் இருப்பவன் உடம்பில் எங்காவது ஒரு நிறம் ஒட்டிக்கொண்டேதான் இருக்கும். நகக்கண்ணில் பச்சை இருக்கும், காது மடலில் மஞ்சள் இருக்கும், சட்டையைக் கழற்றினால் முதுகில் ஊதா இருக்கும், அது எப்படி அங்கே போனது என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் போன வருடக் கடைசியில் கழிப்பறைப் பீங்கானில் சிவப்பாகக் கண்டபோது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கையிலோ காலிலோ இருந்த சாயம் தண்ணீரில் இறங்கியிருக்கும் என்று நினைத்து ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்துவிடுவேன். வலி என்று ஒன்றும் கிடையாது. சில நாள் வரும், பல நாள் வராது. அதன் பிறகு ஒரு வாரம் முழுக்கப் பட்டறையில் நீலம் மட்டுமே ஓடியது. அந்த வாரத்தில் ஒரு நாள் நான் தண்ணீர் ஊற்ற மறந்து வந்துவிட்டதில், எனக்குப் பின்னால் போன என் மனைவி வெளியே வந்து, "ஏங்க, இந்த வாரம் பூரா நீலம்தானே ஓடுது, இந்தச் சிவப்பு எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டாள். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். அதன் பிறகு கையில் இருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு, வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, "ஏறுங்க" என்றாள்.

வண்டி என்பது சரக்கு ஏற்றும் மூன்று சக்கர வண்டி. சாயம் போட்ட நூலை நெசவுக் கூடங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதற்காகப் பழைய வண்டியாகப் பார்த்து வாங்கினோம். நான் ஓட்டக் கற்றுக்கொள்வதாகத்தான் பேச்சு. எனக்கு அது வசப்படவில்லை. என் மனைவி நாற்பது வயதைத் தாண்டிய பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்து, முதல் நாளே எதிர்வீட்டுக் கேட்டைச் சாய்த்து, இரண்டாம் நாள் அந்த வீட்டுக்காரரையே வண்டியில் ஏற்றிக் கடைத்தெருவில் இறக்கிவிட்டுச் சமாதானம் செய்தவள். வண்டி ஓட்டும்போது அவள் வாய்க்குள் பாடுவாள். வீட்டில் பாட மாட்டாள். நான் பக்கத்தில் நூல் கட்டுகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்த வண்டியில் அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு ரொம்பப் பிடிக்கும். இது வழக்குக்குத் தேவையா என்று அதிகாரி கேட்டார். தேவை என்று சொன்னேன், எழுதிக்கொண்டார்.

அதன் பிறகு இந்த மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் எத்தனை வருடமாகச் சாயத்தில் வேலை, புகைப்பழக்கம் உண்டா என்று கேட்டார். இரண்டுக்கும் உள்ளதைச் சொன்னேன். சிறுநீர்ப்பைக்குள் கட்டி இருப்பதாகவும், வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை என்றும், சிறுநீர் வரும் வழியாகவே குழாயை விட்டுச் சுரண்டி எடுத்துவிடலாம் என்றும் அவர் சொன்னார். கத்தி படாது என்று கேட்டதும் எங்களுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. அதன் பிறகு கீழே கவுண்டரில் இருந்த பெண் ஒரு தொகையைச் சொன்னார். எங்கள் சேமிப்புக்குள் அது இழுத்துப் பிடித்து அடங்கியது. அது ஆபரேஷனுக்கு மட்டும்தான் என்பது அப்போது எங்களுக்குப் புரியவில்லை. சுரண்டும் கம்பி ஒரு ஆளுக்கு ஒன்று, அதற்குத் தனி, எடுத்த சதையைச் சோதிப்பதற்குத் தனி, படுக்கைக்கு நாளுக்கு நாள் தனி, அதன் பிறகு சிறுநீர்ப்பைக்குள் ஊற்றும் மருந்துக்குத் தனி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடியும் குழாயை விட்டுப் பார்ப்பதற்குத் தனி என்பது ஒவ்வொன்றாகத் தெரிய வந்தது. சட்டை வாங்கப் போனவனிடம் கைக்குத் தனி, காலருக்குத் தனி, பொத்தானுக்குத் தனி என்று கேட்டது போல இருந்தது. என் மனைவி கவுண்டர் பெண்ணிடம், "ஏம்மா, மூச்சு விடுறதுக்கும் தனியா போடுவீங்களா?" என்று கேட்டாள். அந்தப் பெண் சிரித்துவிட்டு, தேவைப்பட்டால் ஆக்சிஜனுக்குத் தனி என்று சொன்னார்.

அதன் பிறகு குறித்த நாளில் என்னை ஆபரேஷன் அறைக்குக் கொண்டு போனார்கள். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். என் கால்கள் யாருடையவோ போலக் கிடந்தன. தலை மட்டும் விழித்திருந்தது. பக்கத்தில் ஒரு திரை இருந்தது. பார்க்க விருப்பமா என்று டாக்டர் கேட்டார், பார்க்கிறேன் என்று சொன்னேன்.

திரையில் முதலில் தண்ணீர் தெரிந்தது. அதன் பிறகு வெளிர் ரோஜா நிறத்தில் ஓர் அறை தெரிந்தது. மூலையே இல்லாத அறை. சுவரெங்கும் மெல்லிய சிவப்பு இழைகள் ஓடின. என் உடம்புக்குள் இவ்வளவு சுத்தமான இடம் இருப்பது எனக்கு இத்தனை வயது வரை தெரியாது. அதன் பிறகு வெளிச்சம் ஒரு பக்கமாகத் திரும்பியது, அங்கே அது இருந்தது. நூல் கட்டை ஓடும் தண்ணீரில் அலசும்போது இழைகள் பிரிந்து ஆடுமே, அப்படி ஆடிக்கொண்டிருந்தது. நான் வாய்விட்டு, "அழகா இருக்கே" என்று சொல்லிவிட்டேன். டாக்டர் சிரித்தார். "உங்களைக் கொல்ல வந்திருக்கு, அழகா இருக்குங்கறீங்க" என்றார். அதன் பிறகு ஒரு சிறு கம்பி வளையம் வந்து இழை இழையாக வெட்டியது. வெட்டுப்பட்ட ஒவ்வொன்றும் அவசரமே இல்லாமல் மிதந்து போனது. தண்ணீர் சிவந்தது, தெளிந்தது, மறுபடி சிவந்தது. நான் அந்த அறைக்குள் வெறுங்காலோடு நடந்து போவது போலவும், அங்கே காற்று வெதுவெதுப்பாக இருப்பது போலவும், யாரும் என்னை எதற்கும் கூப்பிடாதது போலவும் இருந்தது. இங்கேயே இருந்துவிடலாம், இங்கே கவுண்டர் இல்லை என்று நினைத்தது நினைவிருக்கிறது. கண் விழித்தபோது வார்டில் இருந்தேன்.

வார்டில் எனக்குக் குழாய் பொருத்தியிருந்தார்கள். மேலே தொங்கிய பைகளிலிருந்து தண்ணீர் உள்ளே போய், கழுவிக்கொண்டு வெளியே வந்து, கட்டிலுக்குக் கீழே கொக்கியில் மாட்டியிருந்த பையில் விழும். அந்தப் பையின் நிறத்தைப் பார்த்துத்தான் உள்ளே ரத்தம் நின்றுவிட்டதா என்று முடிவு செய்வார்கள். புகாரில் சொல்லப்பட்ட நர்ஸ் அப்போதுதான் எனக்குப் பழக்கம். ஒல்லியானவர், கண்ணாடி போட்டவர், நடக்கும்போது ஒரு செருப்பு மட்டும் கீச்சிடும். அந்தச் சத்தம் வந்தாலே வார்டில் பாதிப் பேர் நிமிர்ந்து உட்காருவார்கள். என் தொழிலைத் தெரிந்துகொண்டதிலிருந்து அவர் வரும்போதெல்லாம் குனிந்து பையைப் பார்த்துவிட்டு, "சாயக்காரரே, இப்ப என்ன நிறம்?" என்று கேட்பார். "மாதுளை" என்பேன். அடுத்த தடவை, "தர்பூசணி" என்பேன். அதன் பிறகு, "ரோஜா, ஆனா வெயில்ல காஞ்ச ரோஜா" என்பேன். அவரும் தன் கண்ணால் பார்த்து ஒப்பிட்டுக்கொண்டுதான் எழுதுவார். "வைக்கோல் நிறம் வந்துட்டா வீட்டுக்குப் போயிடலாம் ஐயா" என்று அவர்தான் எனக்குச் சொன்னார்.

அன்று பகல் முழுக்க நான் அந்தக் குழாயைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். வலிக்குக் கொடுத்த மருந்தில் கண் சொக்கும். சொக்கினால் பட்டறைத் தொட்டிகள் வரிசையாக வரும், ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்பு, ஒன்றைவிட ஒன்று வெளிறியது, கடைசித் தொட்டி ஜன்னல் வெளிச்சத்தோடு கலந்துவிடும். நான் அந்தக் கடைசித் தொட்டியை நோக்கி நடந்துகொண்டே இருப்பேன். விழித்தால் பையில் இன்னும் ரோஜாதான் இருக்கும்.

அதன் பிறகு மறுநாள் மாலை மேலிருந்து விடும் தண்ணீரை நிறுத்தினார்கள். அந்த நேரத்தில் என் மனைவி வெளியே நடைபாதையில் நின்று போனில் பேசுவது கேட்டது. கதவு சரியாக மூடவில்லை. வண்டியின் டயர் புதியது, பின்கதவு மட்டும் கொஞ்சம் தொங்கும், மற்றபடி குழந்தை மாதிரி வைத்திருந்தேன் என்று அவள் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். சந்தையில் காய் விற்பவள் போல விடாமல் பேரம் பேசினாள். குரல் மட்டும் அவளுடையதாக இல்லை. நாளைக்கும் வீட்டுக்கு விடாவிட்டால் மறுநாள் காலை வண்டியைக் கொண்டுவந்து விடுகிறேன் என்று சொல்லி முடித்தாள். அதன் பிறகு உள்ளே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "யாரு போன்ல?" என்று நான் கேட்டதற்கு, "தம்பிதான், சும்மா" என்றாள். கட்டியிருந்த அட்வான்ஸ் மறுநாளோடு தீர்ந்துவிடும் என்பது எனக்கும் தெரியும். மறுநாள் நான் வீட்டுக்குப் போய்விட்டால் வண்டி மிஞ்சும், போகாவிட்டால் மிஞ்சாது. டாக்டர் வேறு, இந்தக் கட்டி திரும்பத் திரும்ப வரக்கூடியது, விடாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். வண்டி போய்விட்டால் அதற்கெல்லாம் எதை வைத்துச் சம்பாதிப்பது என்று யோசித்தேன். உண்மையைச் சொல்வதானால் அதைவிட அதிகமாக, பாட்டு நின்றுபோன வீட்டில் அவளோடு எப்படி இருப்பது என்றுதான் யோசித்தேன்.

மறுநாள் விடிந்ததும் நோயாளிகளுக்குப் பால் சேர்க்காத தேநீர் வந்தது. என் மனைவி மாற்றுத்துணி அலசப் போயிருந்தாள். பையில் இருந்த நிறம் ரோஜாவுக்கும் வைக்கோலுக்கும் நடுவில் நின்றிருந்தது, சாயத்தில் இதை அரைகுறை என்போம். நான் பையைத் தூக்கிக்கொண்டு கழிப்பறைக்குப் போனேன். துணியில் எந்த இடத்தில் சாயம் ஏறக் கூடாதோ அந்த இடத்தை நூலால் இறுக்கிக் கட்டிவிடுவது எங்கள் தொழிலில் உண்டு. கட்டின இடத்தில் ஒரு சொட்டுக்கூட நுழையாது. மருந்துப் பொட்டலம் கட்டி வந்த நூல் சட்டைப்பையில் இருந்தது. அந்த நூலால் என் உடம்பிலிருந்து வரும் குழாயை மடக்கிக் கட்டினேன். அதன் பிறகு பையின் குழாயைக் கழற்றி, உள்ளே இருந்ததைக் கொட்டி, குழாயையும் பையையும் நிறம் போகும்வரை அலசினேன். அதன் பிறகு குடிதண்ணீரை ஊற்றி, தேநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். விளக்கு வெளிச்சத்தில் நிறம் ஏமாற்றும் என்பதால் கழிப்பறை ஜன்னலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். கொஞ்சம் வெளிறியிருந்தது, இன்னும் ஒரு சொட்டு விட்டேன். சரியாக வந்தது. அறுவடை முடிந்து ஒரு மாதம் வெயிலில் கிடந்த வைக்கோல். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, அந்த நிமிடம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நோய், பில், வண்டி எல்லாம் மறந்துபோய், நிறம் பொருந்திவிட்டதே என்று அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதன் பிறகு குழாயை மாட்டிக்கொண்டு, நூல் கட்டிய இடத்தைத் தொடைக்கு அடியில் மறைத்துப் படுத்துக்கொண்டேன். துணி அலசப் போன என் மனைவி திரும்பி வந்த கொஞ்ச நேரத்தில் டாக்டர் சுற்றி வந்தார். குனிந்து பார்த்து, "அருமை, குழாயை எடுத்துடலாம், ஒழுங்கா ஒண்ணுக்குப் போனார்னா சாயங்காலம் வீடு" என்றார். அவரும், அவர் பின்னாலேயே என் மனைவியும் வெளியே போனதும் நூலை அவிழ்த்தேன். அவிழ்த்த பிறகு குழாயில் வந்தது கருஞ்சிவப்பாக இருந்தது. கட்டி வைத்திருந்த நேரத்தில் உள்ளே ரத்தம் உறைய ஆரம்பித்துவிட்டது என்று இப்போது எனக்கு விளக்கியிருக்கிறார்கள். அப்போது எனக்கு அது தெரியாது. குழாயின் மேல் போர்வையை இழுத்துப் போட்டேன். நர்ஸ் வந்து திரைச்சீலையை இழுத்துவிட்டபோது, அந்த நிறம் கண்ணில் படுமுன் பையை நானே கழற்றித் தரையில் இருந்த மாற்றுத்துணி மூட்டைக்குப் பின்னால் தள்ளினேன். அவர் குழாயை எடுத்துவிட்டு ஒரு ஜாடியைக் கொடுத்து, "போனதும் இதுல புடிச்சு எனக்குக் காட்டணும். பாக்காம நான் எழுத மாட்டேன், சொல்லிட்டேன்" என்றார்.

அதன் பிறகு போனேன். ஜாடியில் விழுந்தது சிவப்பு. அதில் கட்டி கட்டியாக இருந்தது. கொட்டிவிட்டு ஜாடியை அலசிக் கொண்டுவந்து வைத்தேன். அவர் வந்து கேட்டபோது, "தெளிஞ்சிடுச்சு சிஸ்டர், ஞாபகமில்லாம ஊத்திட்டேன்" என்றேன். "காட்டணும்னு சொன்னேனே ஐயா" என்று என்னைப் பார்த்தார். நான் முகத்தை மாற்றிக்கொள்ளவில்லை. வார்டின் அந்தக் கோடியில் யாரோ அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். காலையிலிருந்து அவர் ஒருவர்தான் இந்தப் பக்கம் முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பேனாவை எடுத்து, "சரி, நிறத்துல உங்களை மிஞ்ச யாரு இருக்கா. வைக்கோல்னே எழுதிக்கறேன்" என்று சொல்லி எழுதினார். என் உடம்பில் என்னென்னவோ செய்திருக்கிறார்கள், அந்த ஒரு பேச்சு போல எதுவும் எனக்கு வலிக்கவில்லை.

அதன் பிறகு டிஸ்சார்ஜ் செய்தார்கள். என் மனைவி வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, இருக்கையில் தலையணை போட்டு என்னை ஏற்றினாள். மேடு பள்ளம் வந்தால் முன்கூட்டியே, "புடிச்சுக்கங்க" என்பாள். பாதி வழியில் வாய்க்குள் பாட ஆரம்பித்தாள். வெயில் தாழ்ந்திருந்தது. கடைகளும் மனிதர்களும் தண்ணீருக்குள் இருப்பது போல மெதுவாகப் போனார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்து நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

வீட்டுக்குப் போய் விளக்கு வைப்பதற்குள் எனக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டது. அடிவயிறு கல்லாகிவிட்டது. உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை, பட்டறைத் தூணைக் கட்டிக்கொண்டு கத்தினேன் என்று சொல்கிறார்கள். என் மனைவி அதே வண்டியில், இந்த முறை பாடாமல், என்னைத் திரும்பக் கொண்டுவந்தாள். மறுபடி ஆபரேஷன் அறைக்குக் கொண்டுபோய் உறைந்த ரத்தத்தை எடுத்து, கசிந்த இடத்தை அடைத்து, ரத்தம் ஏற்றி, பிழைக்க வைத்தார்கள். ஒரு நாள் படுக்கைக்கு ஆகும் செலவை மிச்சம் பிடிக்கப் போய் ஓர் ஆபரேஷனையே கூடுதலாக இழுத்துக்கொண்டேன். இந்த முறை திரையை நான் பார்க்கவில்லை.

நான் மயக்கத்தில் இருந்தபோது என் மைத்துனர் வந்து கவுண்டர் முன்னால் சத்தம் போட்டு, ஒரு பூந்தொட்டியை உதைத்து, அதன் பிறகு காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் கொடுத்திருக்கிறார். அவர் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். கோபக்காரரே தவிரக் கெட்டவர் இல்லை. என் மேல் உள்ள அக்கறையில்தான் செய்தார். நடந்தது அவருக்குத் தெரியாது.

அதன் பிறகு மருத்துவமனை மேலாளர் ஒரு தாளோடு என் கட்டிலுக்கு வந்தார். அந்த நர்ஸை வேலையிலிருந்து நிறுத்திவிட்டதாகச் சொன்னார். "நடந்தது அந்த நர்ஸோட கவனக்குறைவுன்னு ஒரு வரிதான் இதுல இருக்கு. போலீஸ்லயும் அதையே சொல்லிடுங்க. மேற்கொண்டு மருத்துவமனை மேல புகார் இல்லைன்னு கையெழுத்துப் போட்டீங்கன்னா ரெண்டு பில்லும் நாங்க பாத்துக்கறோம்" என்றார். மைத்துனர் என் காதருகே குனிந்து, "மாமா, வாயை மூடிக்கிட்டுப் போட்டுடுங்க. அந்தம்மாவுக்கு வேற வேலை கிடைக்கும். உங்களுக்கு வேற சிறுநீர்ப்பை கிடைக்குமா?" என்றார். எனக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது, சிரித்தால் தையலே போடாத வயிறு வலித்தது. நாளைக்குச் சொல்கிறேன் என்று தாளைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

அன்று பிற்பகல் அந்த நர்ஸ் தன் பொருட்களை எடுத்துப்போக வந்திருந்தார். சீருடை இல்லாமல் வீட்டு உடையில் இருந்ததால் முதலில் அவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை, செருப்புச் சத்தத்தில்தான் தெரிந்தது. என் கட்டில் பக்கத்தில் வந்து நின்றார். "ஐயா, பாக்காம எழுதினது என் தப்புதான். அதை நான் இல்லைன்னு சொல்லல. ஆனா தெளிஞ்சிடுச்சுன்னு நீங்க சொன்னீங்கல்ல?" என்று கேட்டார். நான் தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டேன். குழாய் என் காலுக்கு அடியில் மடங்கிக் கிடந்தது போலிருக்கிறது. அதை எடுத்து நேராக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஆகவே நான் சொல்வது என்னவென்றால், டாக்டரை ஏமாற்றியது நான், நர்ஸிடம் பொய் சொன்னது நான். அவர் பார்க்காமல் எழுதினார் என்பது உண்மை, நான் சொன்னதை நம்பி எழுதினார் என்பதும் உண்மை. அவர் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மேலாளர் கொடுத்த தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை, அதை இத்துடன் ஒப்படைக்கிறேன். இதனால் இரண்டு பில்லும் என் தலையில்தான் விழும், வண்டி போய்விடும், அடுத்த மூன்று மாதத்துக்குப் பிறகு உள்ளே பார்ப்பதற்கு என்ன செய்யப் போகிறோம் என்பதும் தெரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. போலீஸை நினைத்து அல்ல, இதையெல்லாம் முதல்முறையாகப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் என் மனைவியை நினைத்துத்தான் பயமாக இருக்கிறது. அவளிடம் இதை நான் தனியாகச் சொல்லியிருக்க வேண்டும். தைரியம் வரவில்லை.

அதிகாரி மேற்கண்டதை எனக்கு வாசித்துக் காட்டினார். வாசித்து முடித்து, விட்டுப்போனது ஏதாவது உண்டா என்று கேட்டார். நான் இல்லை என்றேன். என் மனைவி, "இருக்கு சார்" என்றாள். என்னைத் திட்டப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

அவள் அதிகாரியைப் பார்த்து, "அன்னிக்கு டாக்டர் வர்றதுக்கு முன்னாடி பை தரையில இடிக்குதேன்னு நான்தான் தூக்கிக் கொக்கியில சரியா மாட்டினேன். அதுக்கு முந்தி எத்தனையோ தடவை மாட்டியிருக்கேன். எப்பவும் கைக்கு வெதுவெதுன்னு இருக்கும். அன்னிக்கு ஜில்லுன்னு இருந்துச்சு. இவரு உடம்புலேர்ந்து வந்ததில்லைன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு" என்றாள்.

பிறகு ஏன் சொல்லவில்லை என்று அதிகாரி கேட்டார். அவள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். "வண்டியை விட மனசு வரல சார்" என்றாள்.

அவள் ஸ்டூலை விட்டு எழுந்து வந்து என் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். இது இவருடைய வாக்குமூலத்தில் சேராது, உங்களுடையதைத் தனியாகத்தான் எழுத வேண்டும் என்று சொல்லி அதிகாரி புதுத் தாள் ஒன்றை எடுத்தார். இருந்தாலும் அவள் சொன்னதையும் இதில் எழுதுங்கள் என்று கேட்டேன், எழுதினார்.

இதில் உள்ளவற்றை நான் சொல்லச் சொல்ல எழுதி, வாசித்துக் காட்டக் கேட்டேன். எதையும் கூட்டவோ குறைக்கவோ இல்லை. அவள் சொன்னதும் உண்மை என்று எனக்குத் தெரியும். வலது கையில் ரத்தம் ஏறிக்கொண்டிருப்பதால் இடது கைப் பெருவிரலை வைக்கிறேன்.

(இடது கைப் பெருவிரல் ரேகை)
சாயக்காரர்